விக்கவும் வேணாம், வெட்டவும் வேணாம்: அப்பாவோட புல்லட்டும் ஷாக் அப்சார்பர் புராணமும்

பழைய பைக் வச்சிருக்கிறவங்க உலகத்துல ரெண்டே ரெண்டு கட்சிதான். முதல் கட்சி, "கம்பெனியில இருந்து வெளிய வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், ஒரு நட்டு மாறினாலும் தெய்வ குத்தம்"னு சொல்ற ஒரிஜினல் கட்சி. ரெண்டாவது கட்சி, "பழசெல்லாம் வேஸ்ட்டு பாஸ், முன்னாடி கே.டி.எம். ஃபோர்க்கு, பின்னாடி மோனோ ஷாக்கு, அப்புறம் பாருங்க கெத்த"ன்னு சொல்ற வெட்டி ஒட்டும் கட்சி. ரெண்டு கட்சிக்கும் நடுவுல, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அப்பாவிங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஓட்டுரிமையும் கிடையாது, தலைவரும் கிடையாது. இந்தப் பதிவு அந்தச் சங்கத்து சார்பா எழுதப்படுது.

விஷயம் இதுதான். எங்க வீட்டுல ஒரு 1986 மாடல் புல்லட் 350 இருக்கு. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், குதிகாலால தட்டினா நியூட்ரல் விழற அந்தப் பழைய வண்டி. 1989-ல டி.என். சீரிஸ் வர்றதுக்கு முந்தின நம்பர். அப்பா ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவர், வயசு 63. சேலையூர்ல இருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போறதுக்கும் அந்த வண்டிதான். போன வருஷம் அவருக்கு இடுப்புல எல்4-எல்5 டிஸ்க் பிரச்சினைன்னு டாக்டர் சொல்லிட்டார். மூணு மாசம் வண்டியைத் தொடக் கூடாது, அப்புறம் வலி எப்படி இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணலாம்னார்.

உடனே வீட்டுல சட்டசபை கூடிருச்சு. அம்மா, "இந்த எமனை வித்துத் தொலைங்க, ஸ்கூட்டி வாங்கிக்கலாம்"னாங்க. பெருங்களத்தூர்ல இருக்கிற சித்தப்பா பையன், "மோனோ ஷாக் போட்டுடலாம் பெரியப்பா, சோஃபா மாதிரி இருக்கும்"னான். அப்பா ஒண்ணும் சொல்லலை. வாசல்ல போய் வண்டியோட டேங்கைத் துணியால துடைச்சிட்டு வந்து உட்கார்ந்தார். அவரோட ஓட்டு அவ்வளவுதான்.

பொட்டி தட்டுற வேலைல இருக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பிரச்சினை வந்தாலும் முதல்ல படிக்க ஆரம்பிச்சிருவோம். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சஸ்பென்ஷன் பத்திப் படிச்சு, நாலு பட்டறை ஏறி இறங்கி எனக்குன்னு ஒரு கருத்து வந்துருச்சு. அதைச் சுருக்கமா சொல்லிடறேன்: பழைய வண்டிக்கு சஸ்பென்ஷன் மாத்துறது தப்பே இல்லை. ஆனா திருப்பிப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யாதீங்க. நம்ம பாஷைல சொன்னா, ரோல்பேக் இல்லாத டெப்லாய்மென்ட் வேண்டாம். இனி விளக்கம்.

முதல்ல ஒரிஜினல் கட்சிக்கு

ஒரிஜினல் அண்ணாச்சிகளே, கோவிச்சுக்காதீங்க. நீங்க கும்பிடுற புல்லட்டே ஒரு சஸ்பென்ஷன் கலகத்துல பொறந்த வண்டிதான்.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல ரோட்டுல ஓடின பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின் சக்கரத்துல சஸ்பென்ஷனே கிடையாது. சக்கரம் நேரா ஃப்ரேம்ல பூட்டியிருக்கும். சீட்டுக்கு அடியில இருக்கிற ரெண்டு ஸ்பிரிங்தான் ஓட்டுறவனுக்குத் துணை. கொஞ்சம் வசதியான வண்டின்னா ப்ளஞ்சர்னு ஒண்ணு, அதாவது சக்கரம் மேலயும் கீழயும் ஒரு இன்ச்சு ரெண்டு இன்ச்சு நகர்ற ஏற்பாடு. ட்ரையம்ஃப் காரங்க ஸ்பிரிங்கை சக்கரத்தோட ஹப்புக்குள்ளயே அடைச்சு வித்தாங்க. அந்தக் காலத்துல, 1948-ல, இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, ஸ்விங் ஆர்மும் ஆயில் போட்ட ஷாக் அப்சார்பரும் வச்ச புல்லட்டைப் போட்டிக்கு அனுப்புச்சு. அந்த வருஷம் இத்தாலியில நடந்த ஆறு நாள் சர்வதேச டிரையல்ல ஜெயிச்ச பிரிட்டிஷ் அணியில ரெண்டு புல்லட் இருந்துச்சு. 1949-ல விற்பனைக்கு வந்துச்சு. புகழ்பெற்ற நார்ட்டன் ஃபெதர்பெட் ஃப்ரேம் வந்ததே 1950-லதான்.

"பின் சக்கரம் ஆடினா வண்டி கோணலாப் போகும், செயின் அறுந்துரும், முரட்டு ஃப்ரேம்தான் ஸ்ட்ராங்கு"ன்னு அன்னிக்குச் சொன்ன ஒரிஜினல் கட்சியோட பேச்சைக் கேட்டிருந்தா, நமக்கு இந்தப் புல்லட்டே கிடைச்சிருக்காது. நம்ம ராணுவம் அதை வாங்கி, 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்து, சென்னையோட வடகோடியில பொறந்த வண்டி தென்கோடியில எங்க வாசல்ல வந்து நிக்குதுன்னா, அதுக்கு அந்த ஸ்விங் ஆர்மும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். ஷாக் அப்சார்பர்ங்கிறது தேயறதுக்குன்னே செஞ்ச பாகம். டயர், செயின், பிரேக் ஷூ மாதிரி. உள்ள இருக்கிற ஆயில் கெட்டுப் போகும், சீல் காஞ்சு போகும், ஸ்பிரிங் தளர்ந்து போகும். 1986 ஷாக்கை 40 வருஷம் கழிச்சு "ஒரிஜினல்"னு வச்சிருக்கிறது, 1986 டயரை ஒரிஜினல்னு வச்சிருக்கிற மாதிரிதான். கண்ணாடிப் பெட்டில வைக்கலாம், ரோட்டுல ஓட்டக் கூடாது.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுது. 2021-ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவு தேதியில இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா "வி.ஏ." போட்ட தனி நம்பர் கிடைக்கும். ஆனா அந்த வண்டியை தினசரி உபயோகத்துக்கு ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போக, இப்படித்தான் அனுமதி. எங்க வண்டிக்கு 50 வயசாக 2036 வரைக்கும் பொறுக்கணும். அதுவரைக்கும் அது வின்டேஜ் இல்லை, வெறும் பழசு. பழசுக்குத் தாம்பரம் மார்க்கெட் போற உரிமை இருக்கு. அதுக்கு மதிப்பு கொடுங்க.

இப்ப வெட்டி ஒட்டும் கட்சிக்கு

நம்ம ஏரியாவுல ஒரு பட்டறையில (பேர் வேணாம்) வண்டியைக் காட்டினேன். சுத்திச் சுத்திப் பார்த்துட்டு அந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, பின்னாடி ஃப்ரேமை அறுத்துட்டு மோனோ ஷாக் வெல்டு பண்ணிடலாம். முன்னாடி டியூக் ஃபோர்க் கிடக்குது, மாட்டிடலாம். வீலை பதினேழு ஆக்கிடலாம். அறுபத்தஞ்சு ரூபா ஆகும்." அறுபத்தஞ்சுன்னா அறுபத்தஞ்சாயிரம் மக்களே. அப்பா பக்கத்துலதான் இருந்தார். "அறுத்துட்டு"ங்கிற வார்த்தை வந்தவுடனே ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டார்.

எதுக்கு இது வேணாம்னு சொல்றேன்? மூணு காரணம்.

ஒண்ணு, பலம் எங்க இறங்குதுங்கிறது. ரெட்டை ஷாக் வண்டியில, பின் சக்கரத்தோட ஆக்ஸிலுக்குப் பக்கத்துலயே ரெண்டு ஷாக்கும் நிக்குது. சக்கரம் ஒரு இன்ச் ஏறினா ஷாக்கும் ஏறக்குறைய ஒரு இன்ச் அமுங்கும். வர்ற அடியை ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா பிரிச்சு ஃப்ரேம்ல ரெண்டு இடத்துக்கு அனுப்பும். மோனோ ஷாக்கை ஸ்விங் ஆர்மோட நடுவுல, பிவட்டுக்குப் பக்கத்துல மாட்டுறாங்க. இப்ப சக்கரம் ரெண்டரை இன்ச் ஏறினா ஷாக் ஒரு இன்ச்தான் அமுங்குது. நெம்புகோல் கணக்குப்படி ஷாக் மேல இறங்குற பலம் ரெண்டரை மடங்கு. அதுவும் ஒரே புள்ளியில. அந்தப் புள்ளி இருக்கிற குழாய், இந்தப் பலத்தைத் தாங்கணும்னு யாரும் டிசைன் பண்ணின குழாய் இல்லை. கம்பெனியில மோனோ ஷாக் வண்டி செய்யறவன் அந்த இடத்துக்குன்னு தனியா ஃப்ரேம் டிசைன் பண்றான், ஸ்விங் ஆர்மைத் தடிமனாக்குறான், பல ஆயிரம் தடவை அடிச்சு டெஸ்ட் பண்றான். பட்டறையில நடக்குற டெஸ்ட்டு, ரெண்டு பேர் உட்கார்ந்து குதிக்கிறதுதான். பெருங்களத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனோட ஆர்.எக்ஸ். 100-ல இப்படி வச்ச வெல்டு ஆறே மாசத்துல விரிசல் விட்டுச்சு. நல்லவேளை, கழுவும்போது கண்ல பட்டுச்சு.

ரெண்டு, ஜியோமெட்ரி. மோட்டார் சைக்கிள் நேராப் போறதும் வளையறதும் முன் ஃபோர்க் எவ்வளவு சாஞ்சிருக்குங்கிறதுலயும், முன் டயர் தரையைத் தொடுற இடம் ஸ்டியரிங் அச்சுக்கு எவ்வளவு பின்னாடி இருக்குங்கிறதுலயும்தான் இருக்கு. இதை ட்ரெயில்னு சொல்லுவாங்க. தள்ளுவண்டிச் சக்கரம் எப்பவும் தள்ளுற திசைக்குப் பின்னாடி தானா திரும்பி நிக்குதுல்ல, அதே சங்கதி. வேற வண்டியோட ஃபோர்க்கை மாட்டும்போது நீளம் மாறுது, மேல பிடிக்கிற கிளாம்ப்போட ஆஃப்செட் மாறுது, 19 இன்ச் சக்கரம் 17 ஆகும்போது விட்டம் மாறுது. மூணும் சேர்ந்து ட்ரெயிலை எங்கயோ கொண்டு போய் விட்டுரும். வெறும் பின் ஷாக்கை ஒரு இன்ச் நீளமாப் போட்டாலே, புல்லட் மாதிரி சுமார் 1370 மி.மீ. வீல்பேஸ் இருக்கிற வண்டியில முழு வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னாடி சாயும். ஒரு டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. வேளச்சேரி ரோட்டுல கேம்ப் ரோடு தாண்டி அறுபதுல போகும்போது ஹேண்டில்பார் தந்தி அடிச்சா அந்த ஒரு டிகிரியோட அருமை தெரியும்.

மூணு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் சொன்னதுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. ஆர்.சி.யில வீல்பேஸும் ஒரு விவரம். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம மாத்தின ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு போட்டிருக்கு. 15 வருஷம் தாண்டின வண்டியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொண்டு போய்க் காட்டியாகணும். அறுத்து ஒட்டின ஃப்ரேமோட அங்க போய் நின்னா, இன்ஸ்பெக்டர் பார்க்குற பார்வையிலயே சஸ்பென்ஷன் எல்லாம் அமுங்கிரும். :-)

இதையெல்லாம் சொல்றதால அந்த மெக்கானிக் அண்ணன்களை மட்டம் தட்டுறேன்னு நினைக்காதீங்க. கண்ணால பார்த்தே ஒரு மில்லிமீட்டர் கோணலைச் சொல்ற ஆளுங்க அவங்க. அவ்வளவு திறமையை அறுக்குறதுல செலவு பண்றாங்களேங்கிறதுதான் என் வருத்தம். இந்த வண்டிங்க இனிமே வராது. ஆர்.எக்ஸ். 100 1996-லயே நின்னு போச்சு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டும் நின்னு பல வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஃப்ரேமா அறுத்துக்கிட்டே போனா கடைசியில மிஞ்சறது போட்டோதான்.

அப்ப என்னதான் பண்றது?

கொஞ்சம் கணக்கு. கணக்குன்னா தலைவலிக்கிறவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.

உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்புக்கு மேலயும் கீழயும் ஆடற ஆட்டத்துல ரொம்ப உறுத்துறது விநாடிக்கு 4-ல இருந்து 8 தடவை ஆடற ஆட்டம். முதுகெலும்பு அந்த வேகத்துலதான் தானும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். ஐ.எஸ்.ஓ. 2631-ங்கிற தரநிர்ணயம் இந்தப் பகுதிக்குத்தான் அதிக எடை கொடுத்து கணக்குப் போடச் சொல்லுது. வண்டியோட ஸ்பிரிங், முன்னழுத்தம் எதுவும் இல்லாம, நம்ம எடைக்கு ஒரு சென்டிமீட்டர்தான் அமுங்குற அளவு முரடா இருந்தா, அது விநாடிக்கு சுமார் 5 தடவை ஆடும். நேரா அப்பாவோட இடுப்புல போய் உட்காரும். இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கினா சுமார் 3 தடவை. நாலு சென்டிமீட்டர்னா இரண்டரை. ஆக, ஸ்பிரிங் ஒழுங்கா அமுங்குற ஒவ்வொரு மில்லிமீட்டரும் முதுகுக்கு லாபம்.

பழைய வண்டியில என்ன ஆகுதுன்னா, புஷ்ஷெல்லாம் துருப்பிடிச்சு, சீல் காஞ்சு, ஷாக் அமுங்குறதையே நிறுத்திரும். அப்போ ஸ்பிரிங் வேலை செய்யற ஒரே இடம் டயர்தான். இல்லைன்னா உள்ள ஆயில் வடிஞ்சு போய், ஒரு பள்ளத்துல இறங்கினா அடுத்த தெரு வரைக்கும் ஊஞ்சலாடிக்கிட்டே போகும். ரெண்டுமே "வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்"னு நாம பழகிக்கிட்ட விஷயங்க.

அதனால வரிசை முக்கியம். எங்க வண்டிக்கு கேம்ப் ரோட்டுல அப்பாவோட பழைய மெக்கானிக்கை வச்சு நாங்க செஞ்ச வரிசை இது:

1. டயர் காத்து. மேனுவல்ல போட்டிருக்கிற அளவு. பெட்ரோல் பங்க் பையன் கைக்கு வந்த அளவு இல்லை. செலவு சைபர்.

2. ஸ்டியரிங் கோன் செட்டும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டினா டக் டக்குன்னு சத்தம் வந்தா புஷ் போச்சுன்னு அர்த்தம். இதை மாத்தாம எத்தனை ஆயிரத்துக்கு ஷாக் போட்டாலும் வீண். சில நூறு ரூபாய்ல முடியற வேலை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேட்டா கிடைக்கும்.

3. முன் ஃபோர்க்குக்கு புது சீல், புது ஆயில். பழைய ஆயிலை வடிச்சப்ப வந்தது ஆயிலே இல்லை, திருநெல்வேலி கருப்பட்டிப் பாகு. இங்க ஒரு எச்சரிக்கை. "கெட்டி ஆயில் ஊத்துங்க, கம்முனு இருக்கும்"னு சொல்லுவாங்க. பழைய ஃபோர்க்குல ஆயில் ஒரு ஓட்டை வழியாதான் போய் வரணும். மெதுவா அமுங்கும்போது அந்த ஓட்டை தடுக்கவே தடுக்காது, திடீர்னு அடி விழும்போது வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி தடுக்கும். கெட்டி ஆயில் ஊத்தினா பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துறது குறையும், ஆனா பள்ளத்துல மணிக்கட்டு கழண்டுரும்.

4. பின்னாடி, அதே நீளத்துல, அதே மாதிரி ரெண்டு முனையும் பொருந்துற, கேஸ் நிரப்பின ஷாக். ஜோடி நாலாயிரம் சொச்சம். கேஸ் எதுக்குன்னா, சாதா ஷாக்குல ஆயிலும் காத்தும் சேர்ந்து கலங்கி, கடையில ஆத்தின டீ மாதிரி நுரைச்சுரும். நுரைக்கு அதிர்வை அடக்குற சக்தி கிடையாது. நைட்ரஜனை அழுத்தத்துல அடைச்சு வச்சா ஆயில் சீக்கிரம் நுரைக்காது. மோசமான ரோட்டுல தொடர்ந்து போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுல போய் வந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

5. செட்டிங். இதைத்தான் யாரும் பண்றதில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு, பின் ஆக்ஸில்ல இருந்து நேர் மேல சீட்டுக்கு அடியில ஒரு இடம் வரைக்கும் அளந்துக்கோங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்துட்டு, ஓட்டுறவரை உட்கார வச்சு அதே இடத்தை அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தமா போற தூரத்துல மூணுல ஒரு பங்கை ஒட்டி இருக்கணும். புல்லட்டுக்கு அந்த மொத்த தூரமே மூணு இன்ச் சொச்சம்தான். ஒரு இன்ச் அமுங்கினா சரி. அப்பா 64 கிலோ. கடையில இருந்து வந்த ஷாக், தொண்ணூறு கிலோ ஆசாமிக்கு வச்ச மாதிரி கடைசி படியில இறுக்கியிருந்துச்சு. கீழ இறக்கினோம். இந்தப் படியை மாத்தினா ஸ்பிரிங் மென்மையாவோ கெட்டியாவோ ஆகாது, வண்டி உட்கார்ற உயரம்தான் மாறும். ஆனா உயரம் சரியா இருந்தாதான் பள்ளத்துல இறங்குறதுக்கும் மேட்டுல ஏறுறதுக்கும் ரெண்டு பக்கமும் இடம் இருக்கும்.

மொத்தம் எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரு இடத்துலயும் அறுக்கலை, வெல்டு வைக்கலை. கழட்டின பழைய ஷாக் ரெண்டையும் துடைச்சு, கிரீஸ் தடவி, பேப்பர் சுத்தி பரண்ல வச்சிருக்கோம். 2036-ல ஒருவேளை வி.ஏ. நம்பர் வாங்கணும்னு தோணினா, ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும். இதைத்தான் ரோல்பேக்னு சொன்னேன்.

ஷாக்கால முடியாதது

இவ்வளவும் சொல்லிட்டு ஒரு நேர்மையான விஷயமும் சொல்லணும். மூணு இன்ச்ல அதிசயம் நடக்காது. அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு "பரவால்ல"ன்னார். எங்க அப்பா அகராதியில அதுக்கு மேல ஒரு பாராட்டு கிடையாது. ஆனா வலி போயிடுச்சான்னா, போகலை. ஷாக் அப்சார்பர் மருந்து இல்லை. டாக்டர் சொன்ன பயிற்சியும் ஓய்வும்தான் மருந்து. ஷாக் செய்யறதெல்லாம், இருக்கிற புண்ணுல மறுபடி குத்தாம பார்த்துக்கிறதுதான்.

இன்னொண்ணு, ரோடு. இந்திய சாலைக் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, ஐ.ஆர்.சி.ன்னு சொல்லுவாங்க. வேகத்தடை எப்படி இருக்கணும்னு அவங்க எழுதி வச்சிருக்காங்க: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்துல வளைவு. 25 கி.மீ. வேகத்துல போனா அலுங்காம ஏறி இறங்கலாம். எங்க தெருவுல இருக்கிறது ஒரு அடி அகலம், அரை அடி உயரம். அது வேகத்தடை இல்லை, காம்பவுண்டு சுவர். தாம்பரம் 2021-ல மாநகராட்சி ஆச்சு. ஆனா பைப்புக்குத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடின தெரு, மழை பெஞ்சா உள்வாங்குறது மட்டும் பஞ்சாயத்து காலத்துல இருந்து மாறலை. முடிச்சூர்ல இருந்து மேடவாக்கம் வரைக்கும் இதே கதைதான். நாம ஆளுக்கு எட்டாயிரம் செலவு பண்ணி ஷாக் மாத்துறது, ரோடு போடாத காசை நம்ம பாக்கெட்ல இருந்து கட்டுறதுதான். ஊர்ல இருக்கிற ரெண்டு சக்கர வண்டியையெல்லாம் கூட்டிப் பாருங்க, எவ்வளவு ரோடு போடலாம்னு தெரியும்.

கடைசியா, உலகத்துலயே விலை மலிவான சஸ்பென்ஷன் வலது கை மணிக்கட்டுதான். ஒரே மேட்டுல நாற்பதுல ஏறுறதை இருபதுல ஏறினா, சக்கரம் மேல எழும்புற வேகம் பாதியாகும், அந்த அடியோட சக்தி கால்வாசியாகும். எந்தக் கம்பெனி ஷாக்கும் இந்த அளவு குறைக்காது. அப்பா இதை எந்த ஃபார்முலாவும் இல்லாம முப்பது வருஷமா செஞ்சிட்டு இருக்கார். மேடு வந்தா வேகத்தைக் குறைச்சு, ஃபுட்ரெஸ்ட்டுல லேசா எழும்பி நின்னு, இறங்கினதும் உட்காருவார். கால் முட்டியே ஷாக் அப்சார்பர்.

அதனால என் கருத்து இதுதான் மக்களே. பழைய வண்டியை சாமியாக்கிப் பூட்டி வைக்காதீங்க, சோதனை எலியாக்கி அறுக்கவும் செய்யாதீங்க. தேயற பாகத்தை நல்ல பாகமா மாத்துங்க. எலும்பை விட்டு வைங்க. வண்டியை ஓட்டுற ஆளோட எடைக்கும் வயசுக்கும் தக்க மாதிரி வண்டியைச் சரி பண்ணுங்க, போட்டோவுக்குத் தக்க மாதிரி வேணாம். மூணு மாசம் முடிஞ்சு டாக்டர் "மெதுவா, கிட்டக்க மட்டும்"னு விட்டதும், அப்பா இப்போ வாரம் ரெண்டு நாள் மார்க்கெட் போறார். மிச்ச நாள் ஷேர் ஆட்டோ. அவருக்கும் வண்டிக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம்.

ஒரிஜினல் கட்சியும் வெட்டி ஒட்டும் கட்சியும் ரெண்டு பக்கமும் வந்து கும்முங்க, காத்துட்டு இருக்கேன். முக்கியமா, பழைய ஆர்.எக்ஸ்., யெஸ்டி வச்சிருக்கிற சக பதிவர்கள் உங்க வண்டிக்கு என்ன ஷாக் போட்டீங்க, அளந்து பார்த்தப்ப எவ்வளவு அமுங்குச்சுன்னு எழுதுங்க. நாலு பேருக்கு உதவும்.

டிஸ்கி 1: நான் மெக்கானிக் இல்லை, மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன். ஸ்பானரைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக்கைக் கேட்டுக்கோங்க.

டிஸ்கி 2: அந்தக் காலத்து மாதிரி, அடியில ஸ்பிரிங் வச்ச ஒத்தை சீட்டு போட்டா இடுப்புக்கு இன்னும் நல்லதுன்னு மெக்கானிக் சொல்றார். அப்போ பின்னாடி அம்மா எங்க உட்காருவாங்கன்னு கேட்டேன். அம்மா உள்ள இருந்து குரல் கொடுத்தாங்க: "அந்த சீட்டை நாளைக்கே போடச் சொல்லு!"